ஒரு சோறு பதம் போதாது: அலுவலகக் கம்ப்யூட்டர்களை அப்டேட் குழுக்களாகப் பிரிப்பது எப்படி?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அலுவலகக் கம்ப்யூட்டர்களுக்கு அப்டேட் போடும் பொறுப்புக்கு வந்த புதிதில் நான் இதை அப்படியே நம்பினேன். ஐடி அறையில் இருந்த ஆறு கம்ப்யூட்டர்களுக்குச் சோதனைக் குழு என்று பெயர் வைத்தேன். மாதாமாதம் அந்த ஆறும் முதலில் அப்டேட் ஆகும். நாலு நாள் பார்ப்பேன். ஒன்றும் ஆகவில்லை என்றால் மற்ற எல்லாவற்றுக்கும் திறந்துவிடுவேன். ஏழெட்டு மாதம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் ஒரு திங்கட்கிழமை காலை பேக்கிங் பிரிவிலிருந்து போன்: லேபிள் வெறுமையாக வருகிறது, வெளியே லாரி நிற்கிறது. ஓடிப்போய்ப் பார்த்தால் லேபிள் பிரின்டர் கர்ரென்று ஓடுகிறது, ரோல் சுற்றுகிறது, ஸ்டிக்கர் ஸ்டிக்கராக வெளியே விழுகிறது. பார்கோடு மட்டும் இல்லை, வெள்ளை வெளேரென்று இருக்கிறது. பிரின்டரை இயக்கும் டிரைவர் மென்பொருளைக் கழற்றி மறுபடி போட்டு முடிக்க மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது.

தப்பு என்னுடையதுதான். என் ஆறு சோதனைக் கம்ப்யூட்டர்களில் ஒன்றில்கூட லேபிள் பிரின்டர் கிடையாது. ஐடி அறையில் நாங்கள் காகிதத்தில் பிரின்ட் எடுப்பதே அபூர்வம். நான் பதம் பார்த்தது ஒரே ஒரு பானை. அந்த நிறுவனத்தில் இருந்தது ஏழு பானை.

இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஏழு பானையைப் பற்றித்தான். எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதையும் சொல்கிறேன். ஆனால் அது அரை மணி நேர வேலை. எந்தக் கம்ப்யூட்டர் எந்தக் குழுவில் போக வேண்டும் என்று முடிவு செய்வதுதான் ஒரு வாரம் பிடிக்கும்.

ரிங் என்றால் என்ன?

மைக்ரோசாஃப்ட் விண்டோஸுக்கான மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட்டை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. 2003 அக்டோபரிலிருந்து இந்த வழக்கம் இருக்கிறது. அமெரிக்க மேற்குக் கரையில் காலை பத்து மணிக்கு வெளியாவதால் நமக்கு அது செவ்வாய் இரவு பத்தரை. அங்கே கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும் குளிர்கால மாதங்களில் பதினொன்றரை. ஆக, இந்திய அலுவலகத்துக்கு அப்டேட் நாள் என்பது நடைமுறையில் புதன்கிழமை காலைதான்.

எல்லாக் கம்ப்யூட்டருக்கும் அன்றே போட்டால், கோளாறு இருந்தால் எல்லாம் ஒன்றாகப் படுக்கும். அதனால் கம்ப்யூட்டர்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் இத்தனை நாள் தள்ளிக் கொடு என்று சொல்லி வைக்கிறோம். இந்தக் குழுவைத்தான் ரிங் என்கிறார்கள். தள்ளிவைக்கும் நாள் கணக்குக்கு டிஃபரல் என்று பெயர். மாதாந்திர அப்டேட்டை அதிகபட்சம் 30 நாள் வரை தள்ளலாம். ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பு மாற்றத்தை 365 நாள் வரை தள்ளலாம்.

அப்படியானால் எல்லாவற்றையும் 30 நாள் தள்ளிவிட்டு நிம்மதியாக இருக்கலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது. 2017 மார்ச் 14 அன்று ஒரு விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் அப்டேட் வந்தது. அதே ஓட்டை வழியாக மே 12 அன்று வன்னாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் உலகம் முழுக்கப் புகுந்தது, பிரிட்டன் மருத்துவமனைகள் வரை முடங்கின. நடுவில் இருந்தது 59 நாள். அப்டேட் வெளியானதும் அதைப் பிரித்துப் பார்த்து ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அதனால் தள்ளிவைக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும். அந்த நாளில் யாராவது உட்கார்ந்து எதையாவது சோதித்துப் பார்க்கிறார்களா? இல்லையென்றால் அது வீண் நாள்.

முதல் வேலை: பானைகளை எண்ணுங்கள்

கம்ப்யூட்டர்களை ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்டின் இன்ட்யூன் போன்ற கருவி இருந்தால் கம்ப்யூட்டர் பட்டியலை ஒரு எக்செல் கோப்பாக எடுத்துவிடலாம். பெயர், மாடல், விண்டோஸ் பதிப்பு எல்லாம் வந்துவிடும். வராதது ஒன்றுதான்: அந்தக் கம்ப்யூட்டர் என்ன வேலை செய்கிறது? அதற்கு ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு மாடி மாடியாக நடக்க வேண்டும். வேறு வழியில்லை.

ஒவ்வொரு மேஜையிலும் நாலு கேள்வி. இதில் என்ன செருகியிருக்கிறது? இதில் மட்டும் ஓடும் மென்பொருள் எது? எந்த நாளில், எந்த நேரத்தில் இது நிற்கவே கூடாது? நின்றால் இந்த வேலையை வேறு எதில் செய்யலாம்?

மேஜைக்கு அடியிலும் குனிந்து பாருங்கள். எடைமேடை அறைக் கம்ப்யூட்டரில் பழைய சீரியல் கேபிள் ஒன்று ஒரு மாற்றி வழியாக யூஎஸ்பியில் செருகியிருக்கும். அந்த மாற்றியின் டிரைவர் எந்த ஆண்டு போட்டது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. இப்படிப்பட்டவை எந்த எக்செல்லிலும் வராது.

120 கம்ப்யூட்டர் உள்ள ஒரு நடுத்தர நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். நான் நடந்து எடுத்த பட்டியல் கடைசியில் இப்படி நின்றது: மெயிலும் எக்செல்லும் மட்டும் பார்க்கும் சாதாரண மேஜைக் கம்ப்யூட்டர்கள். டேலியும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனும் (யூஎஸ்பியில் செருகும் சின்னக் கருவி) உள்ள கணக்குப் பிரிவு. வெளியூரிலிருந்து விபிஎன் (அலுவலக நெட்வொர்க்குக்கான பாதுகாப்பான இணைப்பு) வழியாக வரும் விற்பனைப் பிரிவு லேப்டாப்கள். பெரிய கிராஃபிக்ஸ் கார்டு போட்ட டிசைன் அறை. லேபிள் பிரின்டர் உள்ள பேக்கிங். கைரேகை வருகைப்பதிவு ஓடும் மனிதவளப் பிரிவு. தனி மரமாக எடைமேடை. இவைதான் ஏழு பானை. உங்கள் இடத்தில் நாலாகவும் இருக்கலாம், பதினைந்தாகவும் இருக்கலாம்.

இதே நடையில் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள்: விண்டோஸ் எந்த வகை? கடையில் அவசரத்துக்கு வாங்கிய லேப்டாப்பில் ஹோம் பதிப்பு இருக்கும். இந்த டிஃபரல் விதிகள் அதில் வேலை செய்யாது. ப்ரோ அல்லது அதற்கு மேல் வேண்டும்.

இரண்டாவது: யாரை முதலில் போடுவது?

நான்கு குழு போதும். ஆயிரக்கணக்கில் கம்ப்யூட்டர் இருந்தால் கூட்டிக்கொள்ளலாம், 120க்கு நான்குக்கு மேல் போனால் நிர்வகிக்க நேரம் இருக்காது. சோதனை, முதல், பொது, கடைசி என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

சோதனையில் நாலே நாலு கம்ப்யூட்டர். இரண்டு ஐடியுடையது, ஒன்று அலமாரியில் சும்மா இருக்கும் உபரி, இன்னொன்று ஆர்வமாகக் கேட்டு வந்த யாராவது ஒருவருடையது. இங்கே பார்ப்பது அடிப்படையை மட்டும்: அப்டேட் இறங்குகிறதா, ரீஸ்டார்ட் ஆகிறதா, லாகின் ஆகிறதா.

உண்மையான பதம் பார்க்கும் இடம் அடுத்த குழுவான ‘முதல்’. இதில் 18 வைத்தேன். விதி ஒன்றுதான்: ஒவ்வொரு பானையிலிருந்தும் குறைந்தது ஒன்று இங்கே இருக்க வேண்டும், ஒரு பிரிவு முழுவதும் இங்கே வந்துவிடக் கூடாது. பேக்கிங்கில் மூன்று லேபிள் கம்ப்யூட்டர் இருந்தால் ஒன்று இங்கே, இரண்டு கடைசியில். அந்த ஒன்று கெட்டாலும் மற்ற இரண்டில் வேலை நகரும்.

பிரிவு தெரிந்துவிட்டது, அதில் யாருடைய கம்ப்யூட்டர்? பலர் இங்கே தவறு செய்கிறார்கள். பொறுமைசாலியைத் தேடுவார்கள். எதையும் சகித்துக்கொள்பவர் சோதனைக்கு உதவமாட்டார். பிரின்ட் வரவில்லையா, பக்கத்து மேஜையில் போய் எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவார். உங்களுக்கு வேண்டியவர் சின்னதாக ஏதாவது மாறினாலும் அடுத்த நிமிடம் போன் போடுகிறவர். எங்கள் கணக்குப் பிரிவில் அப்படி ஒரு அக்கா உண்டு. போய்க் கேட்டேன்.

“ஏன் தம்பி, இத்தனை பேர் இருக்காங்க, என் சிஸ்டம்தான் கிடைச்சுதா?”

“நீங்கதான்க்கா உடனே சொல்வீங்க.”

“சொல்வேன். நீ உடனே வருவியா?”

நியாயமான கேள்வி. ‘முதல்’ குழுவில் உள்ளவர் கூப்பிட்டால் மற்ற வேலையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். அதை வாக்காகவே கொடுத்துவிடுங்கள். இரண்டு முறை கூப்பிட்டு நீங்கள் போகவில்லை என்றால் மூன்றாவது முறை கூப்பிடமாட்டார். அன்றோடு அந்தக் குழுவின் பயன் முடிந்தது.

அடிக்கடி விடுப்பில் இருப்பவர், வாரத்தில் ஒருநாள் மட்டும் லேப்டாப்பைத் திறப்பவர் இருவரும் இந்தக் குழுவுக்கு வேண்டாம். அணைந்து கிடக்கும் கம்ப்யூட்டரில் ஒரு கோளாறும் வராது. அதைப் பார்த்து எல்லாம் சரி என்று நினைத்துவிடுவோம். முதலாளியின் லேப்டாப்பையும் இங்கே வைக்காதீர்கள். காரணம் சொல்லத் தேவையில்லை.

‘பொது’ குழுவில் 84. வேறெங்கும் போகாத எல்லாம் இங்கே. ‘கடைசி’யில் 14: கணக்குப் பிரிவில் மீதம் உள்ளவை, பேக்கிங்கின் மற்ற இரண்டு, எடைமேடை, மேலிடத்துக் கம்ப்யூட்டர்கள், மீட்டிங் அறையில் பெரிய திரையோடு இருப்பது.

எடைமேடை ஒரு சிக்கல். அந்தப் பானையில் ஒரே ஒரு சோறுதான் இருக்கிறது. அதைக் கடைசியில் வைத்தாலும் அதற்கு முன்னால் அதைப் போன்ற ஒன்று சோதிக்கப்படவில்லை என்பதால், கடைசியில் வைத்ததில் லாபமே இல்லை. நான் செய்தது: சோதனைக் குழுவின் உபரிக் கம்ப்யூட்டரில் அதே வகை யூஎஸ்பி மாற்றியை வாங்கிச் செருகி, அதே எடைமேடை மென்பொருளைப் போட்டு வைத்தேன். சில நூறு ரூபாய்ச் செலவு. எடைமேடை நின்றால் கொண்டுபோய் வைக்க ஒரு மாற்றும் ஆயிற்று.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். மைக்ரோசாஃப்டே விண்டோஸ் ஆட்டோபேட்ச் என்ற சேவையில் தானாகக் குழு பிரித்துத் தருகிறதே? ஆமாம், 2022இல் அது வந்தபோது டெஸ்ட், ஃபர்ஸ்ட், ஃபாஸ்ட், பிராட் என்று நான்கு வைத்து, டெஸ்ட்டை நாமே நிரப்பிக்கொள்ள, மீதியை 1, 9, 90 சதவீதம் என்று பிரித்தார்கள். பத்தாயிரம் கம்ப்யூட்டர் உள்ள இடத்தில் ஒரு சதவீதம் என்பது நூறு. எப்படி அள்ளினாலும் எல்லாப் பானையிலிருந்தும் கொஞ்சம் வந்துவிடும். 120இல் ஒரு சதவீதம் என்பது ஒன்றே ஒன்று. அந்த ஒன்று வரவேற்பறைக் கம்ப்யூட்டராகவும் இருக்கலாம். சின்ன நிறுவனத்துக்குக் கையால் பிரிப்பதே நல்லது என்பது என் கருத்து.

மூன்றாவது: எத்தனை நாள்?

நான் வைத்திருப்பது: சோதனை 0, முதல் 1, பொது 6, கடைசி 13.

0 என்றால் புதன் காலை. 1 என்றால் கிட்டத்தட்ட வியாழன் காலை. அங்கிருந்து வியாழன், வெள்ளி, சனி என மூன்று வேலை நாள் கிடைக்கிறது. சனிக்கிழமையும் அலுவலகம் உண்டு என்பது இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் வசதி. திங்கட்கிழமையும் பார்த்துவிட்டால் அடுத்து பொது.

ஆறு நாள் என்பது குருட்டுக் கணக்கு இல்லை. 2022 ஜனவரி 11 அன்று வந்த அப்டேட்டால் சில வகை விபிஎன் இணைப்புகள் அறுந்தன, அலுவலக லாகினைச் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலர் சர்வர்கள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆயின. அதைச் சரிசெய்யும் அவசர அப்டேட் ஜனவரி 17 அன்று வந்தது. 2021 மார்ச் 9 அப்டேட்டில் சில பிரின்டர்களுக்கு பிரின்ட் கொடுத்தால் விண்டோஸே நின்றுபோய் நீலத்திரை வந்தது. அதற்கான திருத்தம் மார்ச் 15. இரண்டிலும் இடைவெளி ஆறு நாள். எப்போதும் இப்படியே நடக்கும் என்று சொல்ல வரவில்லை. பெரிய கோளாறு என்றால் முதல் வாரத்துக்குள் வெளிச்சத்துக்கு வந்துவிடும் என்பதுதான் கணக்கு.

கடைசிக்கு ஏன் 13? இது கணக்குப் பிரிவுக்காக. இரண்டாவது செவ்வாய் எந்த மாதத்திலும் 8ஆம் தேதிக்கும் 14ஆம் தேதிக்கும் இடையில்தான் வரும். ஜிஎஸ்டி கணக்கை மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 கெடு 11ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி கெடு 20ஆம் தேதி. பொதுக் குழுவின் 6 நாளைக் கூட்டினால் 14 முதல் 20 வரை வருகிறது. 20ஆம் தேதி டோக்கன் வேலை செய்யாவிட்டால் ஐடி அறைக் கதவு தாங்காது. 13ஐக் கூட்டினால் 21 முதல் 27 வரை. இரண்டு கெடுவும் முடிந்து, மாதக் கடைசி நெரிசலுக்கு முன்னால் உட்கார்ந்துகொள்ளும். அக்காவுடையதும் இன்னொன்றும் ‘முதல்’ குழுவில் இருப்பதால் டோக்கன் பிரச்சினை இருந்தால் அதற்கு முன்பே தெரிந்துவிடும்.

உங்கள் நிறுவனத்தின் காலண்டர் வேறாக இருக்கலாம். சம்பள நாள், ஸ்டாக் எடுக்கும் நாள், கல்லூரி என்றால் தேர்வு நாள். அவற்றை எழுதி வைத்துக்கொண்டு, 8இலும் 14இலும் உங்கள் எண்ணைக் கூட்டிப் பாருங்கள். இடிக்கிறதா என்று உடனே தெரியும்.

பண்டிகையும் இடிக்கும். 2025 அக்டோபரில் இரண்டாவது செவ்வாய் 14ஆம் தேதி. ஆறைக் கூட்டினால் 20. அன்று தீபாவளி! முந்தைய வெள்ளியே பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பியாகிவிட்டது, ‘முதல்’ குழுவில் சோதிக்க ஆள் ஏது? ஜனவரியில் இது ஆண்டு தவறாமல் நடக்கும். இரண்டாவது செவ்வாய் 14ஐத் தாண்டாது, பொங்கல் 14 அல்லது 15. அந்த ஒரு மாதம் மட்டும் பொதுக் குழுவின் 6ஐ 10 ஆக்கிவிட்டு, பிப்ரவரிக்கு முன் மறக்காமல் திரும்பக் குறைத்துவிடுகிறேன். மறக்காமல் என்று சொல்வது எளிது. போனில் நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது: இன்ட்யூனில் அமைப்பது

முதலில் என்ட்ராவில் (ஆட்களையும் கம்ப்யூட்டர்களையும் பதிவு செய்து வைக்கும் மைக்ரோசாஃப்ட் சேவை) மூன்று செக்யூரிட்டி குழு உருவாக்குங்கள்: சோதனை, முதல், கடைசி. பொதுவுக்குக் குழு வேண்டாம், ஏன் என்று பிறகு சொல்கிறேன். குழுவில் சேர்ப்பது கம்ப்யூட்டரையா, ஆளையா? கம்ப்யூட்டரை. ஆளைச் சேர்த்தால், அவர் பேக்கிங்கில் போய் லாகின் செய்யும்போது அந்தக் கம்ப்யூட்டருக்கும் விதி ஒட்டிக்கொண்டு குழப்பம் வரும்.

அப்புறம் டிவைசஸ் பகுதியில் விண்டோஸ் அப்டேட்ஸ் என்ற இடத்துக்குள் போய் அப்டேட் ரிங்ஸ் என்பதைத் திறந்து நான்கு ரிங் உருவாக்குங்கள். நான்கிலும் மாறப்போவது பெரும்பாலும் ஒரே வரி: குவாலிட்டி அப்டேட் டிஃபரல், அதாவது மாதாந்திர அப்டேட்டைத் தள்ளும் நாள். அதில் 0, 1, 6, 13.

மற்ற வரிகளில் கவனிக்க வேண்டியவை சில. பெரிய பதிப்பு மாற்றத்துக்கான ஃபீச்சர் அப்டேட் டிஃபரலை 0 என்று விட்டுவிட்டு, எந்த விண்டோஸ் பதிப்பில் நிற்க வேண்டும் என்பதைத் தனியாக ஃபீச்சர் அப்டேட் பாலிசியில் பூட்டுவது நல்லது. இரண்டு இடத்திலும் நாள் போட்டால் எது எதைத் தடுக்கிறது என்று பின்னால் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். விண்டோஸ் டிரைவர்ஸ் என்பதைக் கடைசி ரிங்கில் மட்டும் பிளாக் செய்திருக்கிறேன், லேபிள் பிரின்டர் பாடம்.

டெட்லைன் கட்டாயம் போடுங்கள். குவாலிட்டி அப்டேட்டுக்கு 3 நாள், கிரேஸ் பீரியட் 2 நாள். டெட்லைன் இல்லாவிட்டால் ரீஸ்டார்ட்டை ‘அப்புறம்’ ‘அப்புறம்’ என்று தள்ளிக்கொண்டே போவார்கள். கிரேஸ் என்பது நீண்ட விடுப்பிலிருந்து வருபவருக்கு. இரண்டு வாரம் கழித்து லேப்டாப்பைத் திறக்கிறார், டெட்லைன் எப்போதோ தாண்டிவிட்டது. கிரேஸ் இல்லாவிட்டால் மெயிலைப் படிக்கும் முன்பே ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

ஆக்டிவ் ஹவர்ஸ் என்பது இந்த நேரத்துக்குள் தானாக ரீஸ்டார்ட் ஆகாதே என்று சொல்வது. காலை 8 முதல் இரவு 8 வரை போடலாம், அதிகபட்சம் 18 மணி நேரம். ஆனால் உண்மை நிலவரத்தைப் பாருங்கள்: இரவு ஏழரைக்கு வாட்ச்மேன் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிறார். விண்டோஸ் ரீஸ்டார்ட் செய்யக் காத்திருக்கும் இரவு நேரத்தில் கம்ப்யூட்டரே உயிரோடு இல்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு, எல்லோரும் வேலை தொடங்கும் நேரத்தில் எல்லாம் மொத்தமாக இறங்கும். வாட்ச்மேனிடம் பேசுங்கள். உங்கள் அப்டேட் திட்டத்தில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. புதன், செவ்வாய் இரவுகளில் கம்ப்யூட்டர் உள்ள மாடிகளை அணைக்க வேண்டாம் என்று சொன்னால் போதும். மாலை வீட்டுக்குக் கிளம்பும்போது ஷட்டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுக்கச் சொல்லி ஊழியர்களையும் பழக்கலாம்.

இப்போது ரிங்கைக் குழுக்களோடு இணைப்பது. சோதனை, முதல், கடைசி மூன்றும் தத்தம் குழுவுக்கு. ‘பொது’ ரிங்கை மட்டும் ‘எல்லா டிவைசும்’ என்று கொடுத்து, அந்த மூன்று குழுவையும் விலக்குப் பட்டியலில் போடுங்கள். இப்படிச் செய்தால் நாளைக்குப் புதிதாக வாங்கி இணைக்கும் லேப்டாப்பை நீங்கள் எந்தக் குழுவிலும் சேர்க்க மறந்தாலும் அது தானாகப் பொதுவில் விழும். பொதுவுக்கும் ஒரு குழு வைத்து ஒவ்வொன்றாகச் சேர்த்தால், மறந்துபோன லேப்டாப்புக்கு எந்த விதியும் இருக்காது, யாருக்கும் தெரியவும் தெரியாது.

ஒரே கம்ப்யூட்டர் இரண்டு குழுவில் இருக்கக் கூடாது. இருந்தால் ரிப்போர்ட்டில் கான்ஃப்ளிக்ட் என்று வரும். பழைய குரூப் பாலிசி (விண்டோஸுக்குள் போட்டுவைக்கும் நிர்வாக விதி) ஏதாவது அந்தக் கம்ப்யூட்டரில் மிச்சம் இருந்தாலும் இதே குழப்பம்தான். ரிங் போட்டும் கம்ப்யூட்டர் சொன்னபடி கேட்கவில்லை என்றால் முதலில் தேட வேண்டிய இடம் அதுதான்.

இணைய வேகம் குறைந்த அலுவலகம் என்றால் டெலிவரி ஆப்டிமைசேஷன் என்பதையும் பாருங்கள். ஒரு கம்ப்யூட்டர் இறக்கியதைப் பக்கத்துக் கம்ப்யூட்டர்கள் உள் நெட்வொர்க்கிலேயே வாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் 84 கம்ப்யூட்டரும் ஒரே லைனில் அடித்துப்பிடிக்கும்.

இன்ட்யூன் இல்லையா? அப்டேட்டுகளை அலுவலகத்துக்குள்ளேயே வாங்கிவைத்துப் பகிரும் மைக்ரோசாஃப்டின் டபிள்யூஎஸ்யூஎஸ் சர்வர் இருந்தால் அதிலும் கம்ப்யூட்டர் குழுக்கள் உண்டு. குழு வாரியாக அப்டேட்டை அனுமதிக்கலாம். இனிப் புது வசதி சேர்க்கமாட்டோம் என்று 2024 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்துவிட்டாலும் இருப்பது ஓடுகிறது. பத்துப் பதினைந்து கம்ப்யூட்டர் மட்டும் உள்ள இடம் என்றால் எதுவும் வேண்டாம். ஒவ்வொன்றிலும் குரூப் பாலிசி எடிட்டரைத் திறந்து குவாலிட்டி அப்டேட்டை எத்தனை நாள் தள்ளுவது என்ற எண்ணைக் கையால் போட்டுவிடலாம். எண்ணை ஒரு ஸ்டிக்கரில் எழுதிக் கம்ப்யூட்டரின் பின்னால் ஒட்டிவிடுங்கள்.

ஒவ்வொரு மாதமும் செய்ய வேண்டியது

புதன் காலை சோதனைக் கம்ப்யூட்டரில் வின்வெர் என்று தட்டி பில்ட் எண்ணைப் பாருங்கள். அப்டேட்டுக்கான அறிவிப்பில் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். அப்டேட்டே ஏறாத கம்ப்யூட்டரை நாலு நாள் சோதித்த கதையெல்லாம் உண்டு.

வியாழக்கிழமை ‘முதல்’ குழு ஆட்களுக்கு ஒரு சின்னப் பட்டியல் போகும். எல்லோருக்கும் ஒரே பட்டியல் இல்லை. அக்காவுக்கு: டேலி திறக்கிறதா, டோக்கன் செருகினால் பெயர் வருகிறதா, ஒரு பில் பிரின்ட் எடுத்துப் பாருங்கள். பேக்கிங்குக்கு: ஒரு லேபிள் அடித்து ஸ்கேன் செய்து பாருங்கள். விற்பனைக்கு: விபிஎன் போட்டு ஒரு கோப்பைத் திறங்கள். மூன்று வரிக்கு மேல் போனால் யாரும் செய்யமாட்டார்கள். பதில் வராதவரைக் கோளாறு இல்லாதவராக எண்ணாதீர்கள். நேரில் போய்க் கேளுங்கள். ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆகும்.

திங்கட்கிழமை மாலை மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ரிலீஸ் ஹெல்த் பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தெரிந்த கோளாறுகளை அங்கே போடுகிறார்கள். அதில் உங்கள் பானை ஏதாவது இருந்தால், அல்லது உங்கள் ஆட்களே ஏதாவது சொல்லியிருந்தால், பொது, கடைசி இரண்டு ரிங்கிலும் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் பாஸ் (Pause) பொத்தானை அழுத்துங்கள். 35 நாள் வரை நிற்கும், அப்புறம் தானாகத் திறந்துகொள்ளும். கோளாறு ஒரு பானையில் மட்டும்தான் என்றால் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டாம். அந்த வகைக் கம்ப்யூட்டர்களை மட்டும் தற்காலிகமாகக் கடைசிக் குழுவுக்கு மாற்றி, அந்த ரிங்கை மட்டும் நிறுத்துங்கள்.

இதற்கு நேர்மாறான நாளும் வரும். 2021 ஜூலை 6 அன்று விண்டோஸின் பிரின்ட் பகுதியில் இருந்த பிரின்ட்நைட்மேர் என்ற ஓட்டைக்கு மாத அட்டவணைக்கு வெளியே அவசர அப்டேட் வந்தது. தாக்கும் முறை ஏற்கெனவே ஊரெல்லாம் தெரிந்திருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் கடைசிக் குழு 13 நாள் காத்திருக்க முடியாது. இன்ட்யூனில் எக்ஸ்பெடைட் என்று ஒரு வழி இருக்கிறது, டிஃபரலைத் தாண்டிக்கொண்டு போகும். அப்போதும் நான் காலையில் ‘முதல்’ குழுவுக்கு அனுப்பி, மாலைவரை பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றுக்கு அனுப்புவேன். நாள் கணக்கு மணிக் கணக்காகச் சுருங்குகிறது, வரிசை மாறுவதில்லை.

ரிங்குக்குள் வராதவை

2024 ஜூலை 19 நினைவிருக்கும். கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு கோப்பால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையில் நின்றன. நம் ஊர் விமான நிலையங்களிலும் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதில் கவனிக்க வேண்டியது: மென்பொருளின் பதிப்பை ஒரு படி பின்னால் நிறுத்தி வைத்திருந்த நிறுவனங்களும் படுத்தன. ஏனென்றால் வந்தது புதுப் பதிப்பு இல்லை, பதிப்புக்குள் அடிக்கடி இறங்கும் உள்ளடக்கக் கோப்பு. அது அந்தக் கட்டுப்பாட்டுக்குள் வரவில்லை, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போனது. அதற்குப் பிறகுதான் அதையும் படிப்படியாக அனுப்பும் முறைக்கு மாறினார்கள்.

அதனால் உங்கள் பட்டியலில் இன்னொரு பத்தி சேருங்கள்: இந்தக் கம்ப்யூட்டரில் தானாகத் தன்னை அப்டேட் செய்துகொள்பவை எவை? குரோம், எட்ஜ், ஆன்டிவைரஸ், டேலி, டோக்கனின் மென்பொருள். ஒவ்வொன்றுக்கும் குழு பிரிக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் புதிதாக யோசிக்க வேண்டாம், இதே நான்கு குழுவைப் பயன்படுத்துங்கள். எந்தக் கம்ப்யூட்டர் முதலில் அடிபடும் என்பது எல்லா மென்பொருளுக்கும் ஒன்றாகவே இருந்தால், கோளாறு வரும்போது எங்கே ஓடுவது என்று யோசிக்க வேண்டியிருக்காது.

குழுக்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி சரிபாருங்கள். ஆட்கள் இடம் மாறுவார்கள், மேஜை மாறும். பேக்கிங்கில் பழைய கம்ப்யூட்டரை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துவிட்டு, லேபிள் சரியாக வருகிறது என்று வந்துவிடுவோம். புதியது பொதுவில் விழுந்திருக்கும். பழையது ஸ்டோர் ரூமில் தூசி பிடித்துக் கிடக்க, அதன் பெயர் மட்டும் கடைசிக் குழுவில் உட்கார்ந்திருக்கும். திரையில் உறுப்பினர் எண்ணிக்கை 14 என்றே காட்டும். எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு பெயருக்கும் நேரே அது கடைசியாக எப்போது இணையத்தில் தலைகாட்டியது என்ற தேதியைப் பாருங்கள்.